அடைமழையும் அடங்காத பிள்ளையும்

இம்முறை வந்த கடிதங்களில் பல கேரள எல்லையை ஒட்டிய ஊர்களிலிருந்து வந்தவை. நடக்கத் தொடங்கிய பிள்ளையை மழைநாளில் வீட்டுக்குள் எப்படிச் சமாளிப்பது என்பதையே ஏறக்குறைய எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். சென்னையில் இருப்பவருக்கு இது ஐப்பசி, கார்த்திகையோடு முடிந்துபோகும் தொல்லை. குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியிலோ ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒரு மழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை இன்னொரு மழை. ஆகையால் இந்த இதழை இந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: என் மகனுக்கு இரண்டே கால் வயது. கணவர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். மாமியாரும் நானும்தான் வீட்டில். இடவப்பாதி மழை (ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை) பிடித்துவிட்டால் முற்றத்தில் கால் வைக்க முடிவதில்லை. வாங்கிக் கொடுத்த பொம்மைகளைப் பத்து நிமிடத்தில் எறிந்துவிட்டுக் கட்டில்மேல் ஏறிக் குதிக்கிறான், அரிசிப் பானையைக் கவிழ்க்கிறான். நாள் முழுவதும் இவனுக்கு எப்படி விளையாட்டுக் காட்டுவது? (குழித்துறை வாசகி)

பதில்: நாள் முழுவதும் விளையாட்டுக் காட்ட வேண்டியதில்லை, அது எந்தத் தாயாலும் ஆகிற காரியமும் இல்லை. இரண்டு வயதுப் பிள்ளை ஒரு பொருளோடு பத்து நிமிடம் இருந்தானென்றால் அதுவே அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவனுக்கு உண்மையில் குறைவது ஓட்டமும் ஏற்ற இறக்கமும்தான். ஒன்று முதல் நான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிடம், அதாவது மூன்று மணி நேரம், உடலை அசைத்து விளையாட வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. நாள் முழுவதும் விட்டுவிட்டுச் சேரும் கணக்கு அது. முற்றம் அடைபட்ட நாளிலும் அந்த மூன்று மணி நேரம் எங்கேயாவது வெளிவந்தே தீரும்; உங்கள் வீட்டில் அது கட்டில்மேல் வெளிவருகிறது.

எனவே குதிப்பதைத் தடுப்பதை விட்டுவிட்டுக் குதிக்கும் இடத்தை மாற்றுங்கள். மேசை முனையோ சன்னல் கம்பியோ எட்டாத இடமாகப் பார்த்து மெத்தையைத் தரையில் போட்டு, காலையில் ஒரு முறையும் சாப்பாட்டுக்கு முன் ஒரு முறையும் அவன் களைக்கும்வரை உருளவும் புரளவும் விடுங்கள். கட்டிலின் மேல் பழைய போர்வையை விரித்து, இரு பக்கமும் தரைவரை தொங்கவிட்டால் அடியில் ஒரு குகை கிடைத்துவிடும். நுழைவதும் வெளியேறுவதுமாக ஒரு பொழுது கழியும்.

கமுகம்பாளை, அதாவது பாக்குமர ஓலையின் அடிமட்டை, உங்கள் பக்கத்தில் காசில்லாமல் கிடைக்கும் பொருள். ஓலையோடு விழுந்த பாளையை மழை பிடிப்பதற்கு முன்பே எடுத்துக் கழுவி, கையைக் கீறாதபடி ஓரத்தைச் சீவிக் காயவைத்துக்கொள்ளுங்கள். பெரிய பிள்ளைகள் அதில் ஒருவரை உட்காரவைத்து இழுத்துக்கொண்டு ஓடுவார்கள். இரண்டு வயதுக்காரனிடம் அதை மாற்றிச் செய்ய வேண்டும். பாளையில் ஒரு தேங்காயையோ மடித்த துணியையோ வைத்து, ஓலைப் பக்கத்தை அவன் கையில் கொடுத்து, "பாட்டிக்குக் கொண்டு கொடு மக்களே" என்று அனுப்புங்கள். அடுத்த அறையில் உட்கார்ந்திருக்கும் உங்கள் மாமியார் அதை இறக்கிக்கொண்டு வேறொன்றை ஏற்றி அனுப்பட்டும். வாசற்படியில் பாளை தட்டி நிற்கும், பின்னால் திரும்பிப் பார்ப்பான், பாளையைத் தூக்கிப் பார்ப்பான், தேங்காய் உருண்டோடும், மீண்டும் எடுத்து வைப்பான். அவசரப்பட்டு உதவாதீர்கள், அவனுடைய விளையாட்டே அந்தத் தடங்கலில்தான் இருக்கிறது.

ஆண்பாற் பிள்ளைத்தமிழின் கடைசி மூன்று பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர். கட்டியதைக் கலைப்பதும், தட்டி ஒலியெழுப்புவதும், எதையாவது இழுத்துத் திரிவதும் சிறுபிள்ளையின் தொழில்கள் என்று நம் புலவர்கள் எப்போதோ கண்டுகொண்டார்கள். பொம்மைக் கடைக்காரர்கள்தாம் இன்னும் கண்டபாடில்லை. அலுமினியக் கிண்ணங்களையும் வழித்துத் துடைத்த சிரட்டைகளையும் நீங்கள் அடுக்குங்கள், அவன் தள்ளட்டும். ஓட்டின்மேல் மழை கொட்டும் நேரத்தில் ஒரு பழைய குண்டானையும் மரக்கரண்டியையும் கொடுத்துவிட்டால் அந்தச் சத்தம் யாரையும் தொல்லை செய்யாது.

மீதி நேரத்துக்கு உங்கள் வேலையில் அவனுக்கு ஒரு பங்கு கொடுங்கள். மழைக்காலத்தில் ஈரத்துணியெல்லாம் வீட்டுக்குள் கட்டிய கொடியில்தானே காய்கிறது? வாளியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தருவது அவன் வேலையாக இருக்கட்டும். கைக்குட்டையையும் தன்னுடைய சட்டையையும் அவனே அடையாளம் கண்டு பெயர் சொல்லித் தருவான். புட்டுக்கு மாவு நனைக்கும்போது ஒரு கிண்ணம் மாவைத் தனியாகக் கொடுத்தால் பிடித்துப் பிடித்து உதிர்ப்பான். தரை பாழாகும்தான், கீழே ஒரு பாயை விரித்துவிட்டால் கூட்டுவது எளிது. மாவு பிசைந்து உருவங்கள் செய்யச் சொல்லித்தரும் காணொளிகள் பலவற்றில் உப்பைக் கைநிறைய அள்ளிப் போடுகிறார்கள். அந்த மாவைத் தின்றுவிட்டால் உடலில் உப்பு ஆபத்தான அளவுக்கு ஏறிவிடக்கூடும். உங்கள் மகன் வயதில் எதுவும் வாய்க்குள் போய்விட்டுத்தான் வரும் என்பதால், சப்பாத்தி மாவே போதுமானது.

பொம்மைகளில் பாதியை மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிட்டு, சில நாட்கள் கழித்து மாற்றி எடுங்கள். பழையதும் புதியதாகத் தோன்றும்.

கேள்வி: பேத்திக்கு ஒன்றே முக்கால் வயது. சாரல் காலத்தில் வெளியே கொண்டுபோய்ச் சோறூட்ட வழியில்லாததால், கைபேசியில் பாட்டுப் போட்டுக் கொடுத்தால் மறுபேச்சில்லாமல் சாப்பிட்டுவிடுகிறாள். மருமகள் கூடவே கூடாது என்கிறாள். அரைமணி நேரம் பார்த்தால் என்ன குறைந்துவிடும்? (செங்கோட்டை வாசகர்)

பதில்: ஐயா, இந்த வழக்கில் தீர்ப்பு உங்கள் மருமகள் பக்கம்தான். முன்னர்க் குறிப்பிட்ட 2019-ஆம் ஆண்டின் வழிகாட்டுதலே, ஒரு வயதுக் குழந்தைகளை உட்காரவைத்துத் திரை காட்டுவதைப் பரிந்துரைக்கவில்லை. இரண்டு வயதுக்கு மேல் ஒரு மணி நேரத்துக்கு மிகக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்கிறது. இவ்வயதில் பேச்சு வருவது எதிரே இருப்பவர் தன் மழலைக்குத் திருப்பிச் சொல்லும் பதிலால். கைபேசிப் பாட்டு, பேத்தி என்ன சொன்னாலும் தன் போக்கில் ஓடிக்கொண்டிருக்கும். மேலும், திரையைப் பார்த்தபடி சாப்பிடும் குழந்தைக்கு வயிறு நிறைந்தது தெரிவதில்லை. மறுபேச்சில்லாமல் சாப்பிடுகிறாள் என்று நீங்கள் மகிழ்கிறீர்கள். போதும் என்று சொல்லும் மறுபேச்சும் அதில் சேர்ந்து போய்விடுகிறது.

வெளியூரில் இருக்கும் உறவினரோடு முகம் பார்த்துப் பேசும் அழைப்பு இதில் சேராது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம்கூட 2016-இல், பதினெட்டு மாதத்துக்கு உட்பட்டவர்களுக்குத் திரையை விலக்கச் சொன்னபோது அதற்கு மட்டும் விலக்கு அளித்தது.

மாற்று வழி உங்கள் வீட்டுத் திண்ணையிலேயே இருக்கக்கூடும். செங்கோட்டைச் சாரல் பெரும்பாலும் பூந்தூறலாக விழுவது. தாழ்வாரத்தின் உட்பக்கமாகப் பேத்தியை உட்காரவைத்தால் நனைய மாட்டாள். நனைந்து சிலிர்க்கும் காக்கை, குடையோடு போகும் பால்காரர், ஓட்டு முனையிலிருந்து சொட்டும் நீர் என்று ஒவ்வொரு வாய்க்கும் ஒன்றைக் காட்டலாம். முதல் சில நாட்கள் அழுவாள், குறைவாகச் சாப்பிடுவாள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தேயிலைத் தோட்ட லயத்தில் குடியிருக்கிறோம், ஓர் அறையும் அடுப்படியும்தான். மூத்தவளுக்கு நான்கு வயது, சின்னவனுக்கு ஒன்றரை. மழை வலுத்தால் மாலையில் மின்சாரம் போய்விடுகிறது. இருட்டில் இரண்டு பேரும் அடித்துக்கொள்கிறார்கள். (மூணாறு வாசகி)

பதில்: இருட்டையே விளையாட்டாக்கிவிடலாம். ஒரு டார்ச் விளக்கைச் சுவரைப் பார்த்து நிறுத்திவைத்து, விரல்களால் நாய், மான், பறவை காட்டுங்கள். கையை விளக்கின் அருகே கொண்டுபோனால் நிழல் பூதாகாரமாகும், விலக்கினால் சிறுக்கும். நான்கு வயதுக்காரி இதைத் தானே கண்டுபிடித்து ஆச்சரியப்படுவாள். பாலக்காட்டுப் பகவதி கோயில்களில் திரைக்குப் பின்னால் விளக்கேற்றித் தமிழ்ப் பாட்டுப் பாடி இரவெல்லாம் நடத்தும் தோல்பாவைக் கூத்துக்கு உள்ள முதலீடும் விளக்கும் நிழலும்தானே? அட்டையில் வெட்டிய யானையைத் துடைப்பக் குச்சியில் ஒட்டி மூத்தவள் கையில் கொடுத்து, அவளைக் கதை சொல்பவளாக்கிவிடுங்கள். சின்னவன் நிழலைப் பிடிக்கச் சுவருக்கும் தரைக்கும் ஓடுவான். ஒருத்திக்குப் பொறுப்பும் ஒருவனுக்கு ஓட்டமும் கிடைத்துவிட்டால் சண்டை பாதியாகக் குறையும். முழுவதும் நிற்கும் என்று உறுதி கூற மாட்டேன்.

மெழுகுவர்த்தியும் மண்ணெண்ணெய் விளக்கும் மட்டும் இவ்வளவு சிறிய அறையில் வேண்டாம். தீயைத் தவிர, குளிர்பான பாட்டிலில் ஊற்றிவைத்த மண்ணெண்ணெயைத் தண்ணீரென்று நினைத்துக் குடித்துவிடும் ஆபத்தும் உண்டு. அப்படி நேர்ந்தால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். வாந்தியின்போது அது நுரையீரலுக்குள் போனால்தான் பெருந்தீங்கு.

கேள்வி: குருவாயூர் போய்வந்தபோது உருளியில் (அகன்ற வெண்கலப் பாத்திரத்தில்) மஞ்சாடிக்குரு என்னும் சிவப்பு விதைகளை அளைந்து விளையாடியதிலிருந்து பேரனுக்கு அதன்மேல் ஆசை. வீட்டில் பழைய பல்லாங்குழி இருக்கிறது. குன்றிமணியும் ஒரு டப்பா நிறைய உண்டு. மழைக்கு நல்ல பொழுதுபோக்கு என்று எடுத்துக் கொடுக்கலாமா? அவனுக்கு இரண்டு வயது. (பாறசாலை வாசகி)

பதில்: பல்லாங்குழியைக் கொடுங்கள், மணிகளைக் கொடுக்காதீர்கள். குருவாயூரில் உருளியில் அளைந்தபோது பக்கத்தில் நின்று அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். வீட்டில் அப்படி மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் அகலமுள்ள குழாய்க்குள் நுழைந்துவிடும் எந்தப் பொருளும் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையின் மூச்சுக்குழலை அடைக்கக்கூடியது என்று எடுத்துக்கொள்ளுங்கள். மஞ்சாடி, புளியங்கொட்டை, சோழி எல்லாம் இதில் அடங்கும். குன்றிமணி இவற்றிலும் கொடியது. ஓடு உடையும்படி கடித்து விழுங்கினால் உள்ளிருக்கும் நஞ்சு உயிருக்கே ஆபத்து. அந்த டப்பாவை இன்றே கண்ணிலிருந்து அகற்றிவிடுங்கள். பாட்டுப் பாடும் பொம்மைகளிலும் கார்ச் சாவியிலும் இருக்கும் பொத்தான் பேட்டரியும் இதே வகை: விழுங்கினால் உணவுக்குழாயை இரண்டு மணி நேரத்துக்குள் அரித்துப் புண்ணாக்கிவிடும்.

பல்லாங்குழியில் எலுமிச்சம்பழங்களையோ சிறிய உருளைக்கிழங்குகளையோ போட்டுக் குழிக்குக் குழி மாற்றட்டும். உருளியில் அளையும் சுகத்துக்கு, அகலமான பாத்திரத்தில் கொஞ்சம் தண்ணீரும் இரண்டு கரண்டியும் போதும். நீங்கள் அருகிலேயே இருக்க வேண்டும். எழுந்து போகும்போது அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். இவ்வயதுப் பிள்ளை தலைகுப்புற விழுந்தால் மூழ்கிப்போவதற்கு ஒரு சாண் தண்ணீர்கூட வேண்டாம். கூரைத் தண்ணீர் பிடிக்க வாசலில் வைக்கும் வாளிகளுக்கும் இது பொருந்தும்.

ஏதாவது தொண்டையில் சிக்கிவிட்டால் கண்ணுக்குத் தெரியாததை விரல்விட்டுத் துழாவக் கூடாது. இன்னும் உள்ளே தள்ளிவிடும். பலமாக இருமினால் இருமவிடுங்கள். இரும முடியாமல் திணறினால் முன்னுக்குக் குனியவைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை தட்டுங்கள். ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையென்றால் அதன்பின் தொப்புளுக்குச் சற்று மேலே ஐந்து முறை உள்நோக்கி மேலாக அழுத்த வேண்டும். தட்டுவதையும் அழுத்துவதையும் மாற்றி மாற்றிச் செய்துகொண்டிருக்கும்போதே ஒருவர் 108-ஐ அழைக்கட்டும்.

கேள்வி: மழையில் நனையவிடலாமா, கூடாதா? (மார்த்தாண்டம் வாசகர்)

பதில்: விடலாம், எந்த மழை என்று பார்த்து. சளி, கிருமிகளால் வருவது, மழைத்துளியால் அன்று. மழைக்காலத்தில் அது பரவுவதற்கு, எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு ஒரே அறையில் அடைந்திருப்பதும் ஒரு காரணம். ஆனி, ஆடியில் இடியின்றி நின்று பெய்யும் மழையில் பத்து நிமிடம் கையைப் பிடித்து நடத்திவிட்டு, உடனே தலை துவட்டி உலர்ந்த துணி மாற்றினால் காய்ச்சல் இல்லாத பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. ஐப்பசி மழை வேறு. பிற்பகலில் இருட்டிக்கொண்டு இடியும் மின்னலுமாக வரும் மழை அது. இடி காதில் விழுந்தவுடன் உள்ளே வந்துவிட வேண்டும், கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் ஆகும்வரை வெளியே போகக் கூடாது.

விழும் மழையைவிடத் தேங்கிய நீருக்கே அஞ்ச வேண்டும். எலியின் சிறுநீர் கலந்த சேற்றுநீர் காலில் உள்ள சிறு கீறல் வழியே எலிக்காய்ச்சலைக் கொண்டுவரும். ஆகவே செருப்பில்லாமல் குட்டையில் இறக்காதீர்கள். ரப்பர் வெட்டாமல் நிறுத்திவைத்த மரங்களில் பால் பிடிக்கும் சிரட்டைகள் வானம் பார்த்திருந்தால், டெங்குவைப் பரப்பும் வரிக்கொசு அவற்றில் பெருகும். அவற்றைக் கவிழ்த்துவைப்பதும், பகலிலேயே கடிக்கும் அந்தக் கொசுவுக்காக முழுக்கைச் சட்டை போட்டுவிடுவதும் தேவை.

கேள்வி: மழைநாளில் இரண்டு வயது மகள் மாலை ஐந்து மணிவரை தூங்கிவிட்டு, இரவு பன்னிரண்டு வரை எங்களைப் படுத்துகிறாள். (கம்பம் வாசகர்)

பதில்: இவ்வயதில் பகலும் இரவும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் தூக்கம் தேவை; பகலில் மிகுந்தால் இரவில் குறையும். மழை மூட்டத்தில் வீடு இருட்டாகவே கிடப்பதால் பிள்ளைக்குப் பொழுது பிடிபடுவதில்லை. உண்ட பின் ஒன்றரை மணி நேரம் தூங்கவிட்டு, மூன்று மணிக்குள் சன்னலைத் திறந்து, விளக்குகளைப் போட்டு எழுப்பிவிடுங்கள். எழுந்ததும் அழுவாள்; மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் மழையைக் காட்டிவிட்டு, பிறகு மெத்தையைத் தரையில் போடுங்கள்.