கறுப்பினப் பெண்கள் தங்கள் சுருள் முடியை நேராக்காமல் இயல்பாக விடுவதை ஏன் இவ்வளவு பெரிய விஷயமாகப் பேசுகிறார்கள்? முடிதானே?

முடிதான். ஆனால் அந்த முடிக்காக அமெரிக்காவில் வேலை போயிருக்கிறது, பள்ளிப் பிள்ளைகளை மாதக்கணக்கில் வகுப்புக்கு வெளியே உட்கார வைத்திருக்கிறார்கள், கடைசியில் மாநிலம் மாநிலமாகச் சட்டம் போட வேண்டி வந்திருக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் மதுரைக்காரி, ஹூஸ்டனில் இருக்கிறேன். கணவர் கறுப்பின அமெரிக்கர். ஒன்பது வயதில் ஒரு மகள். கண்ணும் மூக்கும் என் அம்மாவைக் கொண்டு பிறந்தவள், தலைமுடி மட்டும் முழுக்க முழுக்க அவள் அப்பத்தாவுடையது.

அவளுக்கு மூன்று வயது ஆகும்வரை அந்தத் தலையில் நான் செய்ததெல்லாம் தப்பு. என் அம்மா எனக்குச் செய்ததையே செய்தேன். காய்ந்த தலையில் தேங்காய் எண்ணெயைத் தடவி, பல் நெருக்கமான சீப்பால் உச்சியிலிருந்து கீழே இழுத்து வாரி, இறுக்கமாக இரட்டைச் சடை. பிள்ளை தினமும் அழுதாள். சீப்பில் உடைந்த முடி பந்து பந்தாக வந்தது, நெற்றியோரம் இரண்டு பக்கமும் மெலிந்து தோல் தெரிய ஆரம்பித்தது. அலபாமாவிலிருந்து வந்திருந்த மாமியார் இரண்டு நாள் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் காலையில் என் கையிலிருந்த சீப்பை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு, "இனிமேல் இதைக் காய்ந்த தலையில் வைக்காதே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது.

காரணம் பிறகுதான் விளங்கியது. இந்த வகை முடியைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் வட்டமாக இருக்காது, தட்டையான நீள்வட்டமாக இருக்கும். அது முளைக்கும் வேர்க்குழியே தோலுக்குள் வளைந்துதான் இருக்கிறது, அதனால் பேனாவுக்குள் இருக்கும் ஸ்பிரிங் மாதிரி சுருண்டு வெளியே வருகிறது. நேரான முடியில் தலையில் சுரக்கும் எண்ணெய் தானாக நுனிவரை வழிந்துவிடும், இங்கே ஒவ்வொரு சுருளிலும் ஏறி இறங்க முடியாமல் அடியிலேயே நின்றுவிடுகிறது. நுனி எப்போதும் வறண்டிருக்கும், வளைகிற இடமெல்லாம் உடைகிற இடம். என் மகளுடைய முடி காய்ந்திருக்கும்போது காதுக்குக் கீழே நிற்காது, ஒரு சுருளைப் பிடித்து மெதுவாக இழுத்தால் தோளைத் தாண்டும். "பிள்ளைக்கு முடியே வளரலையே" என்று ஊரில் கேட்காத ஆள் இல்லை. நன்றாகவே வளர்கிறது, சுருங்கி நிற்கிறது, அவ்வளவுதான்.

இப்போது எங்கள் வீட்டில் சனிக்கிழமை காலை தலைக்குக் குளிக்கும் நேரம். இங்கே அதற்கு 'வாஷ் டே' என்றே பெயர், கறுப்பினப் பெண் யாரிடம் சொன்னாலும் அன்றைக்கு வேறு வேலை வைத்துக்கொள்ள முடியாது என்பது புரியும். தலையை நான்கு பாகமாகப் பிரித்து கிளிப் போடுவேன். ஒரு பாகத்தை எடுத்து நன்றாக நனைத்து, கை நிறைய கண்டிஷனர் போட்டு, முதலில் விரலாலேயே சிக்கை விடுவிக்க வேண்டும். அப்புறம்தான் அகலப் பல் சீப்பு, அதுவும் நுனியிலிருந்து ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே. அலசிய பிறகு ஈரம் போவதற்குள் கழுவாமல் விடும் கண்டிஷனர், அதன்மேல் எண்ணெய், அதன்மேல் ஷியா பட்டர், ஆப்பிரிக்க மரக்கொட்டையிலிருந்து எடுக்கும் வெண்ணெய் மாதிரியான கொழுப்பு. தண்ணீரை உள்ளே வைத்துப் பூட்டுவதற்குத்தான் எண்ணெய், தண்ணீர் இல்லாத தலையில் எண்ணெய் மட்டும் தடவினால் வறட்சி வறட்சியாகவே இருக்கும். நான் மூன்று வருடம் செய்த தப்பு அதுதான். பிறகு இரண்டிரண்டு புரியாக முறுக்கிவிட்டு, ராத்திரி சாட்டின் துணித் தொப்பி. பருத்தித் தலையணை உறை ஈரத்தை உறிஞ்சிவிடும். மொத்தம் இரண்டரை மணி நேரம் ஆகும். மடியில் ஒரு தட்டு நிறைய கொய்யாப்பழத்தை வைத்துக்கொண்டு அவள் ஏதாவது கதை சொல்லிக்கொண்டே இருப்பாள், எனக்கு வாரத்திலேயே பிடித்த நேரம் அது.

அந்த எண்ணெய் நம்ம விளக்கெண்ணெய்தான் என்பதைச் சொல்ல வேண்டும். ஜமைக்காக்காரர்கள் ஆமணக்கு விதையை வறுத்துக் காய்ச்சிக் கறுப்பாக எடுப்பார்கள், இங்கே கடை கடையாக விற்கிறது. முடியை வளர்க்கும் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் ஈரத்தைப் பிடித்து வைக்கும். என் அம்மா இங்கே வந்திருந்தபோது அலமாரியில் அந்தப் பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, "இது நம்ம வெளக்கெண்ணெயில்ல?" என்றார். மாமியாருக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்கு இங்கிலீஷ் கொஞ்சம்தான். இரண்டு பேரும் அந்தப் பாட்டிலை நடுவில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினார்கள்.

அதற்கு முன்னால் அம்மாவை வழிக்குக் கொண்டுவர எனக்கு நாள் ஆனது. முதல் மொட்டை பழனியில் வேண்டுதல், அதை நான் சந்தோஷமாகவே செய்தேன். அதன்பிறகு முடி பழையபடியே சுருண்டு வந்ததும், "இன்னும் ரெண்டு மொட்டை போட்டா நேரா வந்துரும்டி" என்று ஆரம்பித்தார். வேர்க்குழி தோலுக்கு அடியில் இருக்கிறது, மேலே எத்தனை முறை சிரைத்தாலும் அதன் வளைவு மாறாது. அதைச் சொல்லிப் புரிய வைத்துவிடலாம். 'பரட்டை' என்ற சொல்லைத்தான் நிறுத்த முடியவில்லை. மதுரையில் ஒரு கல்யாணத்தில் சொந்தக்காரர் ஒருத்தர் என் மகளின் தலையைத் தடவி "நிறத்தை விடு, பாவம் இந்தப் பரட்டை முடிக்கு என்ன பண்ணுவா" என்றார். பிள்ளைக்குத் தமிழ் தெரியும் என்று அவர் நினைக்கவில்லை. அன்று ராத்திரி என்னிடம் வந்து, "பரட்டைன்னா என்னம்மா?" என்று கேட்டாள். சீவாத தலை என்று பொருள். அன்று காலையில்தான் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்து சீவியிருந்தோம்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்தச் சொல்லை ஒரு நாட்டின் அலுவலகமும் பள்ளியும் நீதிமன்றமும் சேர்ந்து இருநூறு வருடத்துக்கு மேலாகச் சொன்னால் எப்படி இருக்கும், அதுதான் இவர்கள் கதை. 1786-ல், அப்போது ஸ்பெயினின் கையில் இருந்த லூசியானாவின் ஆளுநர் எஸ்டபான் மிரோ, நியூ ஆர்லியன்ஸின் சுதந்திரக் கறுப்பினப் பெண்கள் தலையைத் துணியால் மூட வேண்டும் என்று உத்தரவு போட்டார். அந்தப் பெண்கள் பளிச்சென்ற துணிகளை எடுத்து விதவிதமாகக் கட்டி அதையே அழகாக்கிவிட்டார்கள். அடிமை முறை ஒழிந்த பிறகும் நேரான முடிக்கு 'நல்ல முடி' என்று பெயர் நின்றுவிட்டது. நல்ல வேலைக்குப் போக வேண்டுமென்றால் முடி அடங்கி இருக்க வேண்டும்.

மாமியார் அந்தக் காலத்தை அப்படியே சொல்வார். ஈஸ்டருக்கு முதல் நாள் அடுப்படியில் ஸ்டூல் போட்டு உட்கார வைப்பார்களாம், இரும்புச் சீப்பை அடுப்புத் தீயில் காட்டி, காது மடலைக் கையால் மடக்கிப் பிடித்துக்கொள்ளச் சொல்லி இழுப்பார்களாம். பிடரியில் இருக்கும் மிகச் சுருண்ட முடிக்கு அவர்கள் பேச்சில் 'கிச்சன்' என்றே பெயர். 1970 வாக்கில் 'கறுப்பு அழகு' என்ற குரல் ஓங்கியிருந்தபோது இவரும் கல்லூரியில் பெரிய ஆஃப்ரோ வைத்திருந்தார், சுருள் முடியை அடக்காமல் தலையைச் சுற்றி உருண்டையாக நிற்க விடுவது, படம் இருக்கிறது, அவ்வளவு கம்பீரம். அப்புறம் ஒரு வங்கியில் வேலை கிடைத்தது. நேர்முகத் தேர்வுக்கு முன்னால் ரிலாக்ஸர் போட்டவர், முப்பது வருடம் ஆறு எட்டு வாரத்துக்கு ஒரு தடவை போட்டார். ரிலாக்ஸர் என்றால் பெயர்தான் மென்மை, பல வகைகளில் இருப்பது காஸ்டிக் சோடா, சோப்புக் காய்ச்சவும் சாக்கடை அடைப்பு எடுக்கவும் பயன்படும் அதே பொருள். முடிக்குள் இருக்கும் பிணைப்புகளை உடைத்து நேராக்கும், கொஞ்ச நேரம் கூடிவிட்டால் தலைத்தோலையும் பொசுக்கும். அவர் உச்சந்தலையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

2022 அக்டோபரில் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆய்வு ஒன்று வந்தது, 33,497 பெண்களை ஏறக்குறைய 11 வருடம் தொடர்ந்து கவனித்தது. முடி நேராக்கும் பொருள்களை வருடத்தில் நான்கு தடவைக்கு மேல் பயன்படுத்தியவர்களுக்கு 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 4.05 சதவீதம், பயன்படுத்தாதவர்களுக்கு 1.64 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். அந்தப் பொருள்தான் காரணம் என்று அதில் நிரூபிக்கவில்லை, தொடர்பு தெரிகிறது என்றுதான் சொன்னார்கள். அந்தச் செய்தியைப் பார்த்த அன்று மாமியார் தொலைபேசியில் ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார்.

சரி, முடியை இயல்பாக விட்டவர்களுக்கு என்ன நடந்தது? 2018 டிசம்பரில் நியூ ஜெர்சியில் மல்யுத்தப் போட்டிக்கு வந்த ஒரு பள்ளி மாணவனிடம் 90 விநாடிக்குள் கயிறு கயிறாகத் திரண்ட சடைமுடியை (டிரெட்லாக்ஸ்) வெட்டு, இல்லை தோல்வியை ஒத்துக்கொள் என்று நடுவர் சொல்ல, அரங்கிலேயே வெட்டினார்கள். அந்தக் காணொளியை என்னால் முழுதாகப் பார்க்க முடியவில்லை. 2019 ஜூலையில் கலிபோர்னியா முதன்முதலாக 'கிரவுன்' சட்டம் கொண்டுவந்தது, முடியின் சுருளையும் பின்னலையும் காரணமாக வைத்து வேலையிலோ பள்ளியிலோ பாகுபாடு காட்டக் கூடாது என்று. எங்கள் டெக்சஸில் 2023 செப்டம்பர் 1 முதல் நடப்புக்கு வந்தது. அதே வாரத்தில், ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் மான்ட் பெல்வியூ என்ற ஊரில், சடைமுடி நீளம் என்று ஒரு மாணவனை வகுப்பிலிருந்து விலக்கினார்கள். மாதக்கணக்கில் நீடித்தது. 2024 பிப்ரவரியில் நீதிபதி, சட்டத்தில் நீளத்தைப் பற்றி இல்லை என்று பள்ளியின் பக்கம் தீர்ப்பளித்தார். என் மகளுடைய பழைய மழலையர் பள்ளியிலிருந்தும் ஒருமுறை சீட்டு வந்திருக்கிறது, 'புகைப்படம் எடுக்கும் நாளுக்கு முடியை ஒழுங்குபடுத்தி அனுப்பவும்' என்று. அன்றைக்கு அவள் புதிதாக முறுக்கிப் பிரித்த முடியோடு போயிருந்தாள். நான் நேரில் போய்ப் பேசினேன், படம் அந்த முடியோடுதான் எடுத்தார்கள்.

இதை வைத்து, நேராக்கிக்கொள்ளும் பெண்களை யாராவது குறை சொன்னால் அதுவும் எனக்குப் பிடிக்காது. மாமியாரின் தங்கை இன்றும் ரிலாக்ஸர் போடுகிறார், நாத்தனார் வாரம் ஒரு விக் மாற்றுவார், இரண்டு பேருமே அழகு. என் மகள் எட்டாவது பிறந்த நாளுக்கு நேரான முடி கேட்டாள், ரசாயனம் இல்லாமல் சூட்டில் மட்டும் நேராக்கி விட்டோம், தண்ணீர் பட்டதும் பழையபடி சுருண்டது, அவளும் சிரித்தாள். ரிலாக்ஸர் மட்டும் அவள் பெரியவளாகித் தானே முடிவெடுக்கும்வரை கிடையாது, அதில் நான் பிடிவாதம். பின்னலிலும் கவனம் வேண்டும். செனகல் நாட்டு அக்கா ஒருத்தர் பின்னிவிடுவார், ஐந்தாறு மணி நேரம் ஆகும், ஆறு வாரம் தாங்கும். வலித்தாலோ வேரில் சின்னச் சின்னக் கொப்புளம் வந்தாலோ அன்றைக்கே பிரித்துவிட வேண்டும், இறுக்கம் தொடர்ந்தால் நெற்றியோர முடி திரும்ப வராமலே போகலாம்.

இன்னொன்று, நமக்கும் இதில் நேரடியாக ஒரு பங்கு இருக்கிறது. இங்கே கறுப்பினப் பெண்கள் வாங்கும் முடிக் கடைகளில் 'இந்திய முடி' என்று கட்டுக்கட்டாகத் தொங்கும். திருப்பதி மாதிரிக் கோயில்களில் மொட்டை போட்ட முடி ஏலத்தில் போய் இப்படி வருவது உண்டு. மாமியார் வருடக்கணக்கில் அதை வாங்கித் தன் முடியோடு சேர்த்துத் தைத்துக்கொண்டவர். "கொடுத்த பெண்களுக்குப் பணம் கிடைக்குமா?" என்று என்னிடம் கேட்டார். இல்லை, வேண்டுதல், சாமிக்குக் கொடுப்பது என்றேன். "நான் யாரோ ஒருத்தியின் பிரார்த்தனையைத் தலையில் வைத்துக்கொண்டு வங்கிக்குப் போயிருக்கிறேன்" என்றார்.

கேள்வி கேட்டவர் வெளிநாட்டில் இருந்தால் ஒரு வேண்டுகோள். ஆசையாக இருந்தாலும் அவர்கள் முடிக்குள் கையை விடாதீர்கள். இங்கே தமிழ்ச் சங்க விழாவில் ஒவ்வொருத்தராக வந்து தொட்டுப் பார்க்கும்போது என் மகள் பின்னால் நகர்ந்து என் சேலையைப் பிடித்துக்கொள்வாள். போன பொங்கலுக்கு என் அம்மா கூட இருந்தார். கையை நீட்டிய ஒரு அம்மாவிடம், "பிள்ளைகிட்ட கேட்டுட்டுத் தொடுங்க, ரெண்டு மணி நேரம் உக்காந்து முறுக்குனது" என்று சொன்னவர் அவர்தான்.