பிரசவத்தில் குழந்தையின் தலையில் பொருத்திய கம்பி, எட்டாம் நாள் சீழ்: வழக்குப் போட முடியுமா?

கேள்வி: பிப்ரவரியில் என் மனைவிக்குச் சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சுகப்பிரசவம். வலி நேரத்தில் வயிற்றில் கட்டிய பெல்ட்டில் குழந்தையின் இதயத் துடிப்பு சரியாகத் தெரியவில்லை என்று, உள்ளே கைவிட்டுக் குழந்தையின் தலையில் ஒரு கம்பியைப் பொருத்தினார்கள். எங்களிடம் எதுவும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் டிஸ்சார்ஜ். ஐந்தாம் நாள் தலையில் ஓரிடம் சிவந்து வீங்கியது. போன் செய்து கேட்டதற்கு, “பிரசவ வீக்கம், தானாக வடியும்” என்றார்கள். எட்டாம் நாள் காய்ச்சல், பால் குடிக்கவில்லை. வேறு மருத்துவமனையில் சீழைக் கீறி எடுத்து 10 நாள் என்ஐசியுவில் (பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு) வைத்தார்கள். அங்கே செலவு ரூ.1,86,000. பிரசவத்துக்குக் கட்டியது ரூ.95,000. கேஸ் ஷீட் கேட்டால், “கோர்ட் ஆர்டர் கொண்டு வாங்க” என்கிறார்கள். போலீஸில் புகார் கொடுக்கலாமா? நஷ்டஈடு கிடைக்குமா?
- வாசகர், பெரம்பூர்

பதில்: போலீஸை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் வைத்த அளவுகோல்படி, மருத்துவர் மீது கிரிமினல் வழக்கு நிற்க வேண்டுமானால் அலட்சியம் மிகக் கடுமையானதாக இருக்க வேண்டும்; சார்பற்ற ஒரு மருத்துவரின் கருத்தும் கையில் இருக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் அந்த வழி காலத்தைத்தான் தின்னும். நீங்கள் போக வேண்டிய இடம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். அதற்கும் முன்னால் கேஸ் ஷீட்.

கோர்ட் ஆர்டர் தேவையே இல்லை. மருத்துவர்களுக்கான 2002-ம் ஆண்டு நடத்தை விதிமுறைகளின்படி, உள்நோயாளியின் ஆவணங்களை 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நோயாளியோ அவர் அதிகாரம் அளித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும். உங்கள் மனைவி பெயரில், அவர் கையெழுத்தோடு, ஐபி எண்ணை (உள்நோயாளி எண்) குறிப்பிட்டு ஒரு கடிதம் எழுதுங்கள். நேரில் கொடுத்து நகலில் சீல் வாங்குங்கள். மறுத்தால் அன்றே ஸ்பீட் போஸ்ட், கூடவே இமெயில். “எல்லா ஆவணங்களும்” என்று பொதுவாகக் கேட்டால் டிஸ்சார்ஜ் சம்மரியை மட்டும் நீட்டுவார்கள். பெயர் சொல்லிக் கேளுங்கள்: பார்ட்டோகிராஃப் (பிரசவம் முன்னேறிய விதத்தைக் குறிக்கும் வரைபடம்), சிடிஜி தாள் (குழந்தையின் இதயத் துடிப்புப் பதிவு) முழுவதும், நர்ஸ் குறிப்புகள், காய்ச்சல் சார்ட், மருந்து சார்ட், கையெழுத்திட்ட கன்சென்ட் (சம்மத) படிவங்கள், குழந்தையின் தனி கேஸ் ஷீட். 72 மணி நேரம் தாண்டினால், அரும்பாக்கத்தில் உள்ள தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்குப் புகார் அனுப்பலாம். கவுன்சில் பணம் வாங்கித் தராது, மருத்துவர் மீது ஒழுங்கு நடவடிக்கை மட்டும்தான். ஆனால் அந்தப் புகாரின் நகல் போனதும் பல கேஸ் ஷீட்டுகள் பீரோவிலிருந்து வெளியே வந்துவிடும்.

சிடிஜி தாளைப் பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலும் அது தெர்மல் தாள். ஏடிஎம் ரசீது போல மங்கிவிடும். கிடைத்த அன்றே ஸ்கேன் செய்யுங்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேட் செய்தால் சூட்டில் முழுவதும் கறுத்துப்போகும்.

இனி வழக்கின் உயிர்நிலைக்கு வருவோம். நீங்கள் கம்பி என்று சொல்வது ஸ்கால்ப் எலக்ட்ரோடு. நுனியில் சுருள் ஊசி. குழந்தையின் உச்சந்தோலில் ஓரிரு மில்லிமீட்டர் ஆழத்துக்குத் திருகி மாட்டுவார்கள். பனிக்குடம் உடைந்து, கர்ப்பப்பை வாய் ஓரளவு திறந்த பிறகுதான் மாட்ட முடியும். பெல்ட்டில் துடிப்பு கிடைக்காதபோது இதைப் பயன்படுத்துவது ஏற்கப்பட்ட முறைதான். ஊசி துளைத்த இடம் வழியாகப் பிறப்புப் பாதையில் உள்ள கிருமிகள் உள்ளே போவதும், அபூர்வமாகச் சீழ் கட்டுவதும் அறியப்பட்ட ஆபத்துதான். அதனால் “சீழ் வந்தது, ஆகவே அலட்சியம்” என்று மட்டும் எழுதினால் புகார் தோற்கும்.

பிறகு எதைக் காட்டுவது? முதலில், எலக்ட்ரோடு மாட்டவே கூடாத நிலை இருந்ததா என்று பாருங்கள். தாய்க்கு எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி அல்லது பிறப்புறுப்பில் ஹெர்பிஸ் புண் இருந்தால் இதைத் தவிர்க்க வேண்டும் என்பது மருத்துவ நடைமுறை. அந்த ரிசல்ட்டுகள் கேஸ் ஷீட்டில் இருக்கின்றனவா? அடுத்து நேரங்கள். பனிக்குடம் எப்போது உடைந்தது, அதன் பிறகு எத்தனை முறை உள்பரிசோதனை, எலக்ட்ரோடு எப்போது, யார் மாட்டியது, கழன்று மறுபடி மாட்டினார்களா, தாய்க்குக் காய்ச்சல் இருந்ததா, ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்களா. பனிக்குடம் உடைந்து 18 மணி நேரம் தாண்டிய பிரசவத்தில் இந்தக் கேள்விகளின் எடை கூடும். பல இயந்திரங்கள் சிடிஜி தாளிலேயே பெல்ட் வழிப் பதிவா, நேரடிப் பதிவா என்று அச்சிடும். எலக்ட்ரோடு மாட்டுவதற்கு முன் பெல்ட்டில் துடிப்பு ஒழுங்காகவே விழுந்திருந்தால், மாட்டிய காரணமே ஆட்டம் காணும்.

கன்சென்ட்டை வைத்து மட்டும் ஜெயிக்க முடியுமா? கஷ்டம். அட்மிஷனில் வாங்கும் பொதுப் படிவம் எல்லாவற்றுக்கும் போதாது, நோயாளிக்கு விளங்கும்படி சொல்லிப் பெற வேண்டும் என்று 2008-ல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் துடிப்பு குறையும் அவசரத்தில் வாய்மொழியாகக் கேட்டோம் என்பார்கள். இதை இரண்டாவது வாதமாக வையுங்கள்.

முதல் வாதம், என் கணிப்பில், அந்த ஐந்தாம் நாள் போன். சாதாரணப் பிரசவ வீக்கம் பிறந்த உடனே தெரியும். ஓரிரு நாளில் வடியும். தலையில் துளை போட்ட குழந்தைக்கு ஐந்தாம் நாள் புதிதாகச் சிவந்து வீங்கினால், நேரில் வரச் சொல்லிப் பார்ப்பதே கவனமுள்ள மருத்துவர் செய்வது. மூன்று நாள் தாமதத்தில் சீழ் காய்ச்சலானது. கால் லிஸ்ட்டை எடுத்து வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் இருந்தால் செய்தியோடு வைத்துக்கொள்ளுங்கள். மூலப்படம் போனிலேயே இருக்கட்டும், அதில்தான் தேதியும் நேரமும் பதிந்திருக்கும். டிஸ்சார்ஜ் சம்மரியில் எலக்ட்ரோடு மாட்டியது பற்றி ஒரு வரிகூட இல்லையென்றால் அதுவும் உங்கள் பக்கம். எழும்பூர் அரசு மருத்துவமனையில் 1996-ல் குறைமாதத்தில் பிறந்த குழந்தை பார்வை இழந்த வழக்கில், கண் பரிசோதனை பற்றிப் பெற்றோரிடம் சொல்லத் தவறியதே மையம். 2015-ல் உச்ச நீதிமன்றம் சுமார் ரூ.1.8 கோடி கொடுக்கச் சொன்னது. அது நிரந்தரப் பாதிப்பு. உங்கள் குழந்தை தேறிவிட்டது என்றால் அந்தத் தொகையை மனதில் வைக்காதீர்கள்.

இரண்டாவது மருத்துவமனையில் சீழின் கல்ச்சர் ரிப்போர்ட் (எந்தக் கிருமி என்று காட்டும் பரிசோதனை), ரத்தக் கல்ச்சர், கீறிய இடத்தைக் குறிக்கும் ஆபரேஷன் குறிப்பு, மூன்றையும் வாங்குங்கள். வீக்கம் துளை இருந்த இடத்திலேயே என்று அந்த மருத்துவர் எழுதியிருந்தால் பாதி வேலை முடிந்தது. அவர்களை எதிர்தரப்பில் சேர்க்க வேண்டாம், சாட்சியை இழப்பீர்கள்.

நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க 2 ஆண்டு அவகாசம். பிரசவ நாளிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள். நீங்கள் செலுத்திய தொகை ரூ.50 லட்சத்துக்குள் என்பதால் மாவட்ட ஆணையம். ரூ.5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. கேட்கும் நஷ்டஈடு எவ்வளவு என்பது இதில் கணக்கில்லை. நீங்கள் குடியிருக்கும் இடத்துக்கான ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம், ஆன்லைனிலும் முடியும். தாய், தந்தை, தந்தையைக் காப்பாளராகக் கொண்டு குழந்தை என மூவரும் புகார்தாரர்களாக இருங்கள்; பெற்றோரும் குழந்தையும் நுகர்வோரே என்பது 1998-ல் முடிவான விஷயம். மருத்துவமனை 30 நாளில் பதில் தர வேண்டும், அதற்கு மேல் 15 நாள்தான் நீட்டிக்கலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் மருத்துவம் வராது என்று வாதிட்டால் கவலை வேண்டாம். அந்த வாதம் 2022-ல் உச்ச நீதிமன்றத்தில் எடுபடவில்லை. நிபுணர் கருத்து எல்லா வழக்கிலும் கட்டாயமில்லை, ஆனால் உங்களுடையதில் ஒரு குழந்தைநல மருத்துவரின் எழுத்துக் கருத்து இல்லாமல் இறங்க வேண்டாம்.

நோட்டீஸ் போனதும் மருத்துவமனை பில் தொகையைத் திருப்பித் தருவதாகக் கூப்பிடலாம். பேசுங்கள், தவறில்லை. ஆனால் “இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்ற வரி உள்ள காகிதத்தில், சீழ் மண்டை எலும்பைத் தொடவில்லை என்று மருத்துவர் மறுபரிசோதனை முடித்து எழுதித் தரும் வரை கையெழுத்துப் போடாதீர்கள்.