புதுக் காரின் முதல் ஆயிரம் கிலோமீட்டர்

பட்டர்வொர்த்தில் குடியிருந்து, நாள்தோறும் பினாங்குப் பாலத்தைக் கடந்து பாயான் லெப்பாஸுக்கு வேலைக்குச் செல்லும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "புதிதாக ஆட்டோமேட்டிக் கியர் உள்ள மைவி கார் வாங்கியிருக்கிறேன். முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு எண்பதைத் தாண்டக் கூடாது, காலையில் பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்ட பிறகே காரை எடுக்க வேண்டும் என்கிறார் என் மாமனார். தெரிந்த பட்டறைக்காரரோ 500 கிலோமீட்டரிலேயே எண்ணெயை மாற்றிவிடச் சொல்கிறார். தீபாவளிக்குக் குடும்பத்தோடு கோலாலம்பூர் போக வேண்டியிருக்கிறது. நான் எதைப் பின்பற்றுவது?"

உங்கள் மாமனார் சொல்வதில் பாதி சரி. புது எஞ்சினை வதைக்கக் கூடாது என்பது உண்மை. ஆனால் கவனிக்க வேண்டியது எண்பது என்ற வேகத்தை அன்று, எஞ்சின் நீண்ட நேரம் ஒரே சுழற்சியில் ஓடாமல் இருப்பதை.

சிலிண்டரின் உட்சுவரைச் சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால், இரு திசைகளிலும் சாய்வாக ஓடி ஒன்றையொன்று வெட்டும் மெல்லிய கீறல்கள் வலை பின்னியதுபோல் தெரியும். எண்ணெய் தங்குவதற்காகத் தொழிற்சாலையிலேயே போடப்படும் கீறல்கள் அவை. அவற்றின் நுண்ணிய முகடுகளும், சிலிண்டருக்குள் மேலும் கீழும் ஓடும் பிஸ்டனைச் சுற்றியுள்ள உலோக வளையத்தின் முகப்பும் ஒன்றையொன்று தேய்த்து இசைந்து பொருந்துவதையே எஞ்சின் பழகுதல் என்கிறோம். இதற்கு வளையத்தின் சொந்த விறைப்பு மட்டும் போதாது. எரியும் வாயுவின் அழுத்தம் வளையத்தின் பின்புறம் புகுந்து அதைச் சுவரோடு அழுத்த வேண்டும். ஆக்ஸிலரேட்டர் மிதியை எப்போதும் பட்டும் படாமலும் மிதித்தே ஓட்டினால் அந்த அழுத்தம் கிடைக்காது. சுவரில் தங்கும் எண்ணெய் வெந்து கண்ணாடிபோல் படிந்து கீறல்களை மூடிவிடக்கூடும். அப்படி மூடிக்கொண்ட எஞ்சின் எண்ணெயைக் குடிக்கத் தொடங்கும், அதைச் சரிசெய்ய எஞ்சினைப் பிரிப்பதைத் தவிர வேறு வழியும் இராது. மாறாக, முதல் நாளே மிதியை அடிவரை அழுத்தினால், முகடுகள் உரசும் இடங்களில் சூடு எல்லை மீறும். இன்றைய எஞ்சின்களில் அந்த முகடுகளைத் தொழிற்சாலையிலேயே பெருமளவு மழித்து அனுப்புகிறார்கள் என்பதால், ஓரிரு முறை தவறிவிட்டாலும் அஞ்ச வேண்டியதில்லை.

ஆகவே, எஞ்சின் சூடேறிய பிறகு, மிதியைப் பாதி அளவுக்கு அழுத்தி வேகம் கூட்டுங்கள்; பின்பு காலை எடுத்து, கார் தானாக வேகம் குறைய விடுங்கள். எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுழல்கிறது என்று காட்டும் சுழற்சி முள் பெரும்பாலும் 2,000க்கும் 3,500க்கும் இடையில் ஏறி இறங்கட்டும். 4,000ஐத் தாண்ட வேண்டாம். பாயா தெருபோங்கிலிருந்து பாலிக் புலாவ் செல்லும் மலைச்சாலையில் வார இறுதியில் நிதானமாக ஒரு முறை ஏறி இறங்குவது, பாலத்தில் நெரிசலில் ஊர்ந்து செல்வதைவிட எஞ்சினுக்கு நல்ல பயிற்சி.

காலையில் பத்து நிமிடம் ஓடவிடும் வழக்கத்தை விட்டுவிடுங்கள் என்று உறுதியாகவே சொல்கிறேன். நம் ஊரின் வெப்பத்தில் எண்ணெய் மேலேறச் சில நொடிகள் போதும். குளிர்ந்த எஞ்சின் வெறுமனே ஓடும்போது சிலிண்டரில் அழுத்தம் குறைவு. கூடுதலாகப் பாயும் பெட்ரோலில் ஒரு பகுதி எரியாமல் சுவர் வழியே எண்ணெயில் கலக்கிறது. இருக்கைப் பட்டையை மாட்டும் நேரம் காத்திருந்துவிட்டுப் புறப்பட்டு, முதல் சில கிலோமீட்டர்களை மென்மையாக ஓட்டினால் போதும்.

கோலாலம்பூர்ப் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டாம். ஏறத்தாழ 350 கிலோமீட்டரையும் குரூஸ் கன்ட்ரோலிலோ ஒரே வேகத்திலோ ஓட்டாமல், 80க்கும் 110க்கும் இடையில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளுங்கள். டொயோட்டா கார்கள் பலவற்றின் கையேடுகளிலும், முதல் 1,000 கிலோமீட்டரில் நீண்ட நேரம் ஒரே வேகத்தில் ஓட்ட வேண்டாம் என்றே எழுதியிருக்கிறது. வழியில் வரும் மெனோரா சுரங்கப்பாதையை ஒட்டிய ஏற்றத்தில், ஐந்து பேரோடும் பலகாரப் பைகளோடும் வண்டி திணறினால், மிதியை மேலும் அழுத்தாமல் இடப்பக்கத் தடத்துக்கு ஒதுங்கி வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பட்டறைக்காரர் சொல்வதுபோல் 500இல் எண்ணெய் மாற்றுவதால் கெடுதல் ஏதும் இல்லை. ஆனால் தேவையும் இல்லை. சர்வீஸ் புத்தகம் குறிப்பிடும் முதல் சர்வீஸைத் தவறவிடாமல் செய்து, ரசீதை வைத்திருங்கள். உத்தரவாதம் அதைப் பொறுத்தது. உராய்வைக் குறைப்பதாக விற்கப்படும் கூடுதல் திரவங்களை இப்போது ஊற்றவே வேண்டாம், ஏனெனில் வளையம் பொருந்துவதற்கு அந்த உராய்வுதான் வேண்டும்.

பிரேக்கும் டயரும் பழகவும் முதல் 300 கிலோமீட்டர் வேண்டும். புது டயரின் மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும் என்பதால், தீபாவளியை ஒட்டிய மழையில் முன்வண்டியிலிருந்து கூடுதலாக விலகியே ஓட்டுங்கள்.

புறப்படும் முன்பும் திரும்பி வந்த பின்பும், சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து, எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவித் துடைத்து மறுபடி செருகிப் பாருங்கள். பழகும் காலத்தில் மட்டம் சற்றே இறங்குவது இயல்பு. கீழ்க் குறியைத் தொட்டுவிட்டால் மட்டும் முதல் சர்வீஸ் வரை காத்திராமல் சர்வீஸ் நிலையத்தில் காட்டுங்கள்.