புகையான் மருந்துக்குப் பழகிவிட்டதா?

கேள்வி: மேலூர் பக்கம் ஒன்றரை ஏக்கர் நெல் போட்டிருக்கிறேன். தூரில் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சிக்கு இமிடாகுளோபிரிட் மருந்து இரண்டு தடவை அடித்தும் அடங்கவில்லை. "பூச்சி பழகிப்போச்சு, அளவைக் கூட்டி அடிங்க" என்கிறார் கடைக்காரர். கூட்டலாமா ஐயா?

பதில்: கூட்டாதீர்கள். எந்தப் பூச்சியும் மருந்தைத் தின்று தின்று பழகுவதில்லை. உங்கள் வயலில் உள்ள கூட்டத்தில் சிலவற்றுக்கு இமிடாகுளோபிரிடை முறிக்கும் தன்மை பிறவியிலேயே இருந்திருக்கும். மருந்து படாத வயலில் அதனால் பெரிய லாபம் கிடையாது. மற்ற புகையான்களோடு ஒரே தூரில், ஒரே சாற்றுக்குத்தான் அவையும் போட்டி போட வேண்டும். முறிக்கும் வேலைக்கே தெம்பு செலவாவதால் பெரும்பாலும் அவை முட்டையிடுவதில் பின்தங்கும். நீங்கள் மருந்தடித்ததும் போட்டிக்கு இருந்தவை செத்தன, சாறு முழுவதும் மிஞ்சியவற்றுக்குப் போனது. ஒரு பெண் பூச்சி நூற்றுக்கணக்கில் முட்டையிடும்; ஏறக்குறைய ஒரு மாதத்தில் அடுத்த தலைமுறை. 1859-இல் டார்வின் எழுதியதும் இதுதான்: சாப்பாடும் இடமும் ஒன்றாக இருப்பதால் ஒரே இனத்துக்குள்தான் போட்டி கடுமை. அளவைக் கூட்டினால் இன்னும் வலுத்தவை மட்டும் மிஞ்சும், புகையானைத் தின்னும் சிலந்தியும் செத்துப்போகும்.

ஒன்றைப் பார்த்துவிடுங்கள். தப்பிய பூச்சி எல்லாம் எதிர்ப்புத் தன்மை உள்ளது என்று அர்த்தமில்லை. புகையான் இலையில் இருக்காது; தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, தூரில் அப்பியிருக்கும். மேலாக அடித்தால் மருந்து அங்கே இறங்குவதே இல்லை. அடித்த மறுநாள் பயிரை விலக்கித் தூரைத் தட்டுங்கள். நன்றாக நனைந்த தூரில் செத்து, நனையாத தூரில் உயிரோடு இருந்தால் கோளாறு தெளிப்பில். நனைந்த தூரிலும் உயிரோடு இருந்தால்தான் நான் மேலே சொன்ன கதை. இதைப் பார்க்காமலே எத்தனையோ பேர் மருந்தை மாற்றிக் காசைக் கரைக்கிறார்கள்.

கடையில் கவனம். அடுத்து "புது மருந்து" என்று தயாமீத்தாக்சம் கொடுப்பார்கள். பெயர்தான் வேறு, வகை ஒன்றே. அதற்குத் தப்பி மிஞ்சுவதும் அதே பூச்சிதான். டப்பாவில் கம்பெனிப் பெயருக்குக் கீழே உள்ள மருந்துப் பெயரைப் படியுங்கள், பில் கேட்டு வாங்குங்கள். மூன்றைக் கலந்து அடிக்கச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். செயற்கை பைரித்ராய்டு வகையை (சைபர்மெத்ரின் போன்றவை) தொடவே வேண்டாம், அது புகையானைப் பெருக்கிவிடும். விற்பவரே வைத்தியரும் ஆகிவிட்ட ஏற்பாடு இது. யோசனை சொல்ல வேண்டிய அலுவலர் வயலுக்கு வர நேரமில்லாதபடி கோப்பு வேலை. விவசாயி என்னதான் செய்வார்!

இப்போது தண்ணீரை வடியுங்கள், யூரியாவை நிறுத்துங்கள். எட்டடிக்கு ஒரு அடி பட்டம் (நடாத இடைவெளி) விடாத நடவு என்றால் பயிரை விலக்கிக் காற்றும் வெயிலும் புக விடுங்கள். ஒரு குத்துக்கு, அதாவது பல தூர் சேர்ந்த ஒரு கொத்துக்கு, ஒரு சிலந்தி இருந்தால், தூருக்கு இரண்டு பூச்சி சேரும்வரை அடிக்க வேண்டாம்; சிலந்தி இல்லையென்றால் தூருக்கு ஒன்று. அதைத் தாண்டினால் வேறு வகையைச் சேர்ந்த மருந்துகளான புப்ரோபெசின் அல்லது பைமெட்ரோசினை, லேபிளில் உள்ள அளவில், தூர் நனைய அடியுங்கள். புகையானில் நீள இறக்கை உள்ளவை பறந்து வரும் என்பதால் பக்கத்து வயல்காரரிடமும் சொல்லுங்கள். அறுவடைக்கு மூன்று வாரம்கூட இல்லை என்றால் மருந்தை விட்டுவிட்டுத் தண்ணீரை மட்டும் வடியுங்கள்.