யூரியா இட்ட மரங்கள் வறட்சியில் முதலில் காய்வது ஏன்?

கேள்வி: மூன்று ஆண்டுகளுக்கு முன் நட்ட யூகலிப்டஸ் மரங்களில் ஒரு பாதிக்கு ஆண்டுதோறும் யூரியா மட்டும் இட்டு வந்தேன், மறுபாதிக்கு எந்த உரமும் இடவில்லை. யூரியா இட்டவை வெகு உயரமாக வளர்ந்தன. ஆனால் இந்த வறட்சியில் நுனி காய்ந்தவையும் அவையே. நீர் இரண்டு பாதிக்கும் ஒரே அளவுதான். மண் பரிசோதனையில் சாம்பல்சத்து (பொட்டாசியம்) குறைவு என்று வந்துள்ளது. உரமிடுவதையே நிறுத்திவிடலாமா?

பதில்: உரத்தை நிறுத்த வேண்டாம், யூரியாவை மட்டும் தனியாக இடுவதை நிறுத்துங்கள். உங்கள் மரங்களில் இப்போது தெரியும் நுனிக்காய்வுக்கு இந்த ஆண்டின் வறட்சியோடு, முந்தைய பருவங்களில் உருவான கட்டையின் அமைப்பும் ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

மரத்தில் நீர் மேலேறுவது பெரும்பாலும் கீழிருந்து தள்ளப்படுவதால் அன்று. இலைகளிலிருந்து நீர் ஆவியாகும்போது உண்டாகும் இழுவிசையால்தான். அந்த நீர் செல்லும் சைலக் குழாய்களைப் பட்டைக்கு உட்புறம் இருக்கும் கேம்பியம் என்னும் வளர்படலம் உருவாக்குகிறது. புதிதாகப் பிறந்த செல் முதலில் நீரை வாங்கி உப்புகிறது. பிறகு அதன் சுவர் தடித்து, கட்டைக்கு உறுதி தரும் லிக்னின் என்னும் பொருள் படிந்து, இறுதியில் செல் இறந்து வெற்றுக் குழாயாகிறது. குழாயின் விட்டம் உப்பும் அந்தச் சில நாட்களிலேயே முடிவாகிவிடுகிறது. பின்னர் எந்த உரத்தாலும் அதை மாற்ற முடியாது.

யூரியா தரும் தழைச்சத்து (நைட்ரஜன்) தாராளமாகக் கிடைக்கும்போது வளர்ச்சி வேகமெடுக்கிறது. பாப்லர் மரங்களில் நடந்த சோதனைகளில், தழைச்சத்து மிகுந்த சூழலில் அகன்ற குழாய்களும் அடர்த்தி குறைந்த கட்டையும் உருவாவது காணப்பட்டது. அகலம் கூடுவதில் ஆதாயம் பெரிது: குழாய் வழியே செல்லும் நீரின் அளவு ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்பதால், 100 மைக்ரான் விட்டமுள்ள ஒரே குழாய், 50 மைக்ரான் விட்டமுள்ள 16 குழாய்கள் கடத்தும் நீரைத் தனியே கடத்திவிடும். ஆனால் அகன்ற குழாயில், பக்கத்துக் குழாயோடு தொடர்புகொள்ளும் குழிச்சவ்வுகளின் (குழாய்ச் சுவரின் குழிகளில் உள்ள மெல்லிய சவ்வுகளின்) பரப்பும் பொதுவாகக் கூடுதல். மண் காய்ந்து இழுவிசை ஏறும்போது அவற்றில் பலவீனமான ஒரு சவ்வு வழியாகக் காற்று நுழைந்தாலும் நீர்ப்பத்தி அறுந்து, அந்தக் குழாய் முழுவதும் பயனற்றுப்போகும். இழுவிசை மிகுதியாக இருப்பது உச்சியில். நுனி முதலில் காய்வதில் வியப்பில்லை.

இருந்தாலும் பழி முழுவதையும் குழாய்கள் மேல் போடுவது சரியாகாது. மூன்று வயது மரத்தில் அதைவிடப் பெரிய காரணம் இலைப்பரப்பு என்பது என் கணிப்பு. தழைச்சத்து கிடைத்த மரம் வேரைவிட இலைக்கே அதிகம் செலவிடுகிறது. எனவே அது கேட்கும் நீருக்கும் வேர் எடுத்துத் தரக்கூடிய நீருக்கும் இடைவெளி விரிகிறது.

இனி சாம்பல்சத்து. செல் உப்புவதற்குத் தேவையான உள்ளழுத்தத்தைத் தருவதில் பொட்டாசியத்துக்கே முக்கியப் பங்கு. அது குறைந்தால் புதிய குழாய்கள் குறுகிவிடும். இலைத்துளைகள் திறந்து மூடுவதும் பொட்டாசியத்தால்தான். இன்னொரு நுட்பமும் உண்டு: தூய நீரைவிடப் பொட்டாசியம் கரைந்த நீர் சைலத்தில் எளிதாக ஓடுகிறது என்று 2001-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது, குழிச்சவ்வில் உள்ள பெக்டின் என்னும் கூழ்ப்பொருள் சுருங்கி வழிவிடுவதே காரணம் என்று அதில் விளக்கப்பட்டது. இந்த விளைவின் அளவு இனத்துக்கு இனம் மாறும்.

இதைப் படித்துவிட்டுப் பொட்டாஷ் என்னும் சாம்பல்சத்து உரத்தை அள்ளிக் கொட்டிவிடாதீர்கள். பிரேசிலில் சாம்பல்சத்து குறைந்த மண்ணில் நடந்த யூகலிப்டஸ் ஆய்வுகளில், பொட்டாஷ் பெற்ற மரங்கள் நன்கு வளர்ந்தன. நீரையும் கூடுதலாகச் செலவிட்டன. நீர் இல்லாத இடத்தில் எந்த உரமும் வறட்சிக்குக் கவசமாகாது.

நுனி காய்வதற்குப் போரான் என்னும் நுண்சத்தின் குறைபாடும் காரணமாகலாம் என்பதையும் பார்த்துவிடுங்கள். போரான் மண்நீரோடு வேரை வந்தடைவது. மண் காய்ந்தால் அதன் வரத்து குறையும். யூரியாவால் வேகமாக வளரும் மரத்துக்கு அதன் தேவையோ கூடுகிறது. இளந்தளிர்கள் சுருங்கி நொறுங்கும் தன்மையோடு இருந்து, நுனி செத்தபின் அதன் கீழே பல கிளைகள் ஒன்றாகக் கிளம்பிப் புதர்போல் ஆனால் போரானைச் சந்தேகிக்கலாம். இலைப் பரிசோதனை செய்யாமல் போரான் இடக்கூடாது. தேவைக்கும் நச்சுக்கும் உள்ள தூரம் மிகக் குறைவு. தாமிரக் குறைபாட்டில் லிக்னின் சரியாகப் படியாமல் தண்டு தொய்ந்து வளையும். நீங்கள் சொல்லும் அறிகுறிகளில் அது இல்லை.

கட்டையின் வேறுபாட்டை நீங்களே ஓரளவு பார்க்கலாம். இரண்டு பாதியிலிருந்தும் ஒரே உயரத்தில், ஒரே தடிமனுள்ள கிளைகளை வெட்டி, வெட்டுமுகத்தைப் புதுப் பிளேடால் வழவழப்பாகச் சீவி, ஈரமாக்கி, 10 மடங்கு பெருக்கும் கைலென்ஸில் பாருங்கள். ஊசி குத்தியதுபோல் தெரியும் துளைகளே சைலக் குழாய்கள். வெட்டுமுகத்தில் கருங்கோடுகளோ கசிவோ இருந்தால் பூஞ்சை நோய் புகுந்திருக்கலாம். அதற்கான வைத்தியம் வேறு.

காய்ந்த நுனிகளைப் பச்சைப் பகுதிவரை வெட்டிவிடுங்கள். துளிர்க்க வைப்பதற்காக இப்போது யூரியா இட வேண்டாம். காற்றடைத்த குழாய்கள் பெரும்பாலும் மீண்டும் நீர் நிரம்புவதில்லை. அடுத்த ஈரப் பருவத்தில் உருவாகும் புதிய கட்டைதான் இழப்பை ஈடுசெய்யும். ஆகவே மண் பரிசோதனை பரிந்துரைக்கும் அளவில் தழைச்சத்தையும் சாம்பல்சத்தையும் சேர்த்து, ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்து, ஈரப் பருவத்தின் தொடக்கத்திலிருந்து கொடுங்கள். மண் காயத் தொடங்குவதற்கு வெகு முன்பே தழைச்சத்தை நிறுத்திவிடுங்கள். உரமே காணாத மறுபாதிக்கும் இதே கலவைதான், ஆனால் முதல் ஆண்டில் குறைந்த அளவில்.