அமெரிக்காவில் ரீஜனல் விமானிகளுக்கும் மெயின்லைன் விமானிகளுக்கும் ஏன் ஒத்துப்போவதில்லை?

கேள்வி கேட்டவர், தன் அக்கா மகன் ஃப்ளோரிடாவில் விமானிப் பயிற்சியை முடித்துவிட்டு ஒரு ரீஜனல் நிறுவனத்தில் சேரப்போவதாக எழுதியிருக்கிறார். அங்கே பிறந்து வளர்ந்த பையன். "பெரிய நிறுவன விமானிகள் உங்களை மதிக்க மாட்டார்கள், ஆட்குறைப்பு வந்தால் முதல் அடி உங்களுக்குத்தான்" என்று யாரோ அவனைப் பயமுறுத்தியிருக்கிறார்கள். அது உண்மையா என்பதுதான் கேள்வி.

பாதி உண்மை. நான் அமெரிக்காவில் ஒரு ரீஜனல் நிறுவனத்தின் க்ரூ ஷெட்யூலிங் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன். எந்த விமானத்தில் எந்த விமானி என்று போட்டுக்கொடுக்கும் மேஜை அது. இந்தச் சண்டையின் சூடு முதலில் வந்து விழும் இடமும் அதுதான்.

அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். டெல்டா, யுனைடெட், அமெரிக்கன் போன்றவை மெயின்லைன். சின்ன ஊர்களிலிருந்து பெரிய விமான நிலையங்களுக்கு ஆட்களைக் கொண்டுவந்து சேர்ப்பது ஸ்கைவெஸ்ட், ரிபப்ளிக், என்வாய், எண்டெவர் மாதிரியான ரீஜனல்கள். விமானத்தின் வாலில் டெல்டா சின்னம் இருக்கும், டிக்கெட்டும் டெல்டாவுடையது, ஆனால் ஓட்டுகிறவருக்குச் சம்பளம் வேறு கம்பெனி, வேறு ஒப்பந்தம். நெய்வேலியில் நிரந்தரத் தொழிலாளியும் ஒப்பந்தத் தொழிலாளியும் ஒரே சுரங்கத்தில் இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இந்தத் தொழிலில் எல்லாமே சீனியாரிட்டி எண்தான். எந்த விமானம், எந்த ஊர், எந்த நாள் லீவு, எப்போது கேப்டன், எல்லாவற்றையும் அந்த எண் முடிவு செய்கிறது. அதை வேறு நிறுவனத்துக்கு எடுத்துக்கொண்டு போக முடியாது. இருபது வருடம் ரீஜனலில் கேப்டனாக இருந்தவரும் டெல்டாவில் சேர்ந்தால் அன்றைக்குப் பட்டியலின் கடைசி ஆள். ஃபர்லோவும் இதே வரிசைதான். வேலையைப் பறிப்பதில்லை, சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்புவார்கள். கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் வெளியே போவார், திரும்பக் கூப்பிடும்போது கடைசியாக உள்ளே வருவார்.

சண்டையின் வேர் 1990களில் இருக்கிறது. அதுவரை ரீஜனல்களிடம் இருந்தவை பெரும்பாலும் புரொப்பெல்லர் விமானங்கள். 1993-இல் காம்ஏர் என்ற ரீஜனல் நிறுவனம் 50 இருக்கை கொண்ட பம்பார்டியர் சிஆர்ஜே ஜெட்டைக் கொண்டுவந்தது. மெயின்லைன் யூனியன் ஒப்பந்தங்களில் 'ஸ்கோப்' என்று ஒரு பகுதி உண்டு. வெளி நிறுவனத்துக்கு எவ்வளவு பெரிய விமானத்தை, எத்தனை எண்ணிக்கையில் கொடுக்கலாம் என்று வரம்பு கட்டுவது அது. மெயின்லைன் விமானிகள் இந்தச் சின்ன ஜெட்டுகளைத் தங்கள் வேலையாகவே நினைக்கவில்லை. பெரிய விமானத்துக்கு நல்ல சம்பளம் கிடைத்தால் போதும் என்று சின்னதை விட்டுக்கொடுத்தார்கள். வரம்பு பிறகு 70 இருக்கை, 76 இருக்கை என்று ஏறியது. என் கருத்தில் இதற்கான பொறுப்பு மெயின்லைன் யூனியன்களுடையது. அந்த ஜெட்டுகளை ஓட்டப்போன இளைஞர்கள் யாருடைய வேலையையும் திருடவில்லை.

2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு மெயின்லைன் நிறுவனங்கள் ஆயிரக்கணக்கான விமானிகளை ஃபர்லோவில் அனுப்பின. அதே நேரத்தில் ரீஜனல்களுக்குப் புதுப்புது ஜெட்டுகள் வந்து இறங்கின. வீட்டில் உட்கார்ந்திருந்த மெயின்லைன் விமானியின் கண்ணில் அது எப்படிப்பட்டிருக்கும்? "என் ரூட்டில் இன்னொருத்தன் பாதிச் சம்பளத்துக்குப் பறக்கிறான்." அந்த வயிற்றெரிச்சல் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த இன்னொருவன் முதல் வருட ஃபர்ஸ்ட் ஆபீசராக, அதாவது துணை விமானியாக, ஆண்டுக்குச் சுமார் 20,000 டாலர் வாங்கிக்கொண்டிருந்தவன்.

தீர்வு என்று வந்ததுதான் காயத்தை ஆழமாக்கியது. 2002-இல், அப்போதிருந்த இன்னொரு மெயின்லைனான யுஎஸ் ஏர்வேஸ் 'ஜெட்ஸ் ஃபார் ஜாப்ஸ்' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. துணை நிறுவனம் புது ஜெட்டுகளை வாங்கலாம், ஆனால் அதில் பாதி இடம் ஃபர்லோவில் இருக்கும் யுஎஸ் ஏர்வேஸ் விமானிகளுக்கு. அமெரிக்கனுக்கும் அதன் ரீஜனலான ஈகிள் நிறுவனத்துக்கும் இடையே 1997-இலேயே ஓர் ஒப்பந்தம் இருந்தது. ஈகிள் கேப்டன்கள் மேலே அமெரிக்கனுக்குப் போகலாம், அமெரிக்கனில் ஃபர்லோ வந்தால் அமெரிக்கன் விமானிகள் கீழே ஈகிளில் ஜெட் கேப்டனாக இறங்கலாம். நல்ல காலத்தில் எல்லோருக்கும் பிடித்திருந்தது. கெட்ட காலத்தில் கீழே இறங்குகிற பாதி மட்டும் வேகமாக நடந்தது. மேலே போகவேண்டியவர்கள் மத்தியஸ்தத் தீர்ப்புகளுக்காக வருடக்கணக்கில் காத்திருந்தார்கள்.

நான் வேலை பார்த்த இடத்திலும் இதைப்போல ஓர் ஏற்பாடு இருந்தது. மாதாந்தரப் பட்டியல் திரையில் வரும்போது பெயருக்கு எதிரே 'சிஏ' என்றால் கேப்டன், 'எஃப்ஓ' என்றால் ஃபர்ஸ்ட் ஆபீசர். ஒரு மாதம் சில பெயர்களுக்கு எதிரே சிஏ போய் எஃப்ஓ வந்தது. காலை ஐந்து மணிக்கு ஒருவர் போன் செய்தார். கோபமே இல்லை. "என் பெயரில் ஏதோ டைப்பிங் தப்பு வந்திருக்கிறது, கொஞ்சம் பார்த்துச் சொல்கிறீர்களா?" என்று கேட்டார். தப்பில்லை என்று நான்தான் சொல்லவேண்டியிருந்தது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, அப்படியானால் நாளைக்கு யாருடன் பறக்கிறேன்?" என்றார். திரையைப் பார்த்தேன். மெயின்லைனிலிருந்து இறங்கி வந்து, அவர் உட்கார்ந்திருந்த இடத்தைப் பிடித்த அதே கேப்டனுடன்தான். இரண்டு பேரும் நல்ல விமானிகள். நான்கு நாள் டிரிப்பைச் சேர்ந்து முடித்தார்கள். அதன் பிறகு அந்தக் கேப்டனுடன் போட வேண்டாம் என்று அவர் எழுதிக்கொடுத்துவிட்டார்.

இதில் யூனியன் எங்கே என்று கேட்பீர்கள். டெல்டா, யுனைடெட் விமானிகளுக்கும் பல ரீஜனல் விமானிகளுக்கும் ஒரே சங்கம்தான், 1931-இல் தொடங்கிய ஆல்பா. டெல்டா நிறுவனம் ஏஎஸ்ஏ, காம்ஏர் என்ற இரண்டு ரீஜனல்களையும் வாங்கியபோது, "இப்போது ஒரே முதலாளி, ஒரே சீனியாரிட்டிப் பட்டியல் போடுங்கள்" என்று அந்த விமானிகள் கேட்டார்கள். சங்கம் மறுத்தது. 2001 மார்ச்சில் தொடங்கிய காம்ஏர் விமானிகளின் வேலைநிறுத்தம் 89 நாள் நடந்தது. அதே வருடம் காம்ஏர், ஏஎஸ்ஏ விமானிகளில் ஒரு பகுதியினர் தங்கள் சொந்தச் சங்கத்தின் மீதே வழக்குப் போட்டார்கள். சந்தாவை வாங்கிக்கொண்டு எங்கள் விமானத்துக்கே வரம்பு கட்டுகிறாய் என்பது அவர்கள் வாதம். ஒரே பட்டியல் மட்டும் அன்றைக்கே வந்திருந்தால் இந்தப் பகையில் பெரும்பங்கு பிறந்தே இருக்காது என்று இன்றும் நம்புகிறேன். இரண்டு பட்டியல் இருக்கும்வரை லாபம் நிர்வாகத்துக்குத்தான்.

மெயின்லைன்காரருக்கும் வலி உண்டு. ஃபர்லோவில் இருப்பவர் ரீஜனலில் சாதாரணமாகச் சேர வந்தால், பல நிறுவனங்கள் "உங்கள் பழைய சீனியாரிட்டி எண்ணை ராஜினாமா செய்துவிட்டு வாருங்கள்" என்றன. பயிற்சிக்குச் செலவழித்த பிறகு அவர் திரும்பிப் போய்விடுவார் என்ற பயம். எண்ணை விட்டால் திரும்பும் உரிமையே போச்சு. விடாவிட்டால் வீட்டு வாடகைக்கு வழியில்லை. 2008 நெருக்கடியில் யுனைடெட் 1,437 விமானிகளை அனுப்பியபோதும் இதே கதை. அதற்கு முந்தைய டிசம்பரில்தான் ஓய்வு வயது 60-இலிருந்து 65 ஆகியிருந்தது. மேலே யாரும் நகரவில்லை, கீழே எல்லாம் உறைந்துபோனது.

ஆனால் ஒரு வித்தியாசத்தைச் சொல்லியாக வேண்டும். மெயின்லைனில் ஃபர்லோ என்றால் திரும்பக் கூப்பிட ஒரு பட்டியல் இருக்கிறது. ரீஜனலில் பட்டியலே காணாமல் போய்விடும். காம்ஏர் 2012-இல் மூடப்பட்டது. 2020-இல் கொரோனா வந்தபோது டிரான்ஸ் ஸ்டேட்ஸ், காம்பஸ் என்ற இரண்டு ரீஜனல்களும் ஏப்ரலிலேயே மூடப்பட்டன. யுனைடெட் தன் 50 இருக்கை விமான வேலையை எக்ஸ்பிரஸ்ஜெட் என்ற ரீஜனலிடமிருந்து எடுத்து காம்யூட்ஏர் என்ற இன்னொரு ரீஜனலுக்குக் கொடுத்தது, செப்டம்பர் கடைசியில் எக்ஸ்பிரஸ்ஜெட் பறப்பதை நிறுத்தியது. அந்த அக்டோபரில் அமெரிக்கன் ஃபர்லோவில் அனுப்பிய சுமார் 1,600 விமானிகள், அரசின் இரண்டாம் நிவாரண நிதி வந்ததும் திரும்ப அழைக்கப்பட்டார்கள். எக்ஸ்பிரஸ்ஜெட்காரரை அழைக்க யார் இருந்தார்கள்?

உங்கள் அக்கா மகன் போகிற காலம் சம்பள விஷயத்தில் நல்ல காலம். 2009-இல் பஃபலோ அருகே 50 பேர் உயிரைப் பறித்த கோல்கன் ஏர் விபத்துக்குப் பிறகு 1,500 மணிநேரப் பறப்பு அனுபவம் பொதுவிதியாகக் கட்டாயமானது, ஆள் கிடைப்பது கடினமானது. 2022-இல் அமெரிக்கனின் சொந்த ரீஜனல்கள் புது ஃபர்ஸ்ட் ஆபீசருக்கு மணிக்கு 90 டாலர் கொடுக்கத் தொடங்கின. ஆனால் ஆள் எடுப்பு அலை மாதிரி ஏறி இறங்கும். 2024-இல் பெரிய நிறுவனங்கள் வேகத்தைக் குறைத்தன, மலிவுக் கட்டண நிறுவனமான ஸ்பிரிட் ஃபர்லோ அறிவித்தது, ரீஜனலிலிருந்து மேலே போகும் வரிசை மெதுவானது.

மதிப்பைப் பற்றி அவன் கவலைப்பட வேண்டாம். இன்றைய மெயின்லைன் கேப்டன்களில் ஏராளமானோர் ரீஜனலிலிருந்து வந்தவர்கள். கையெழுத்துப் போடும் முன் மூன்று விஷயம் கேட்கச் சொல்லுங்கள். மெயின்லைனுக்குப் போகும் வழி ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கிறதா, இல்லை நேர்காணலுக்கு அழைப்போம் என்ற வாக்கு மட்டும்தானா. மாதத்துக்கு இத்தனை பேர்தான் போகலாம் என்று நிர்வாகம் வரம்பு போட முடியுமா. போனஸ் வாங்கினால் எத்தனை வருடம் கட்டிப்போடுவார்கள், இடையில் நிறுவனம் மூடினால் அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்பார்களா. பதிலை அங்கே ஏற்கனவே பறக்கும் ஒரு விமானியிடம் கேட்டுச் சரிபார்க்கட்டும்.