எதிர்வீட்டு போரில் நல்ல தண்ணீர், எங்கள் போரில் உப்பு: ஆழப்படுத்தலாமா?

கேள்வி: கடலூரில் தேவனாம்பட்டினம் சாலையை ஒட்டிய குடியிருப்பில் வசிக்கிறோம். எங்கள் போர் 60 அடி. சித்திரை பிறந்தால் தண்ணீர் உப்புக் கரிக்கிறது. எதிர்வீட்டார் 200 அடி போட்டு நல்ல தண்ணீர் எடுக்கிறார்கள். நாங்களும் ஆழப்படுத்தலாமா?

பதில்: எதிர்வீட்டுத் தண்ணீரை ருசி பார்த்துவிட்டு போர் வண்டியை வரவழைக்காதீர்கள். உப்பு எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

மணற்பாங்கான கரையோரத்தில் மழைநீர் எடை குறைவானது என்பதால் மேலேயும், கடல்நீர் கீழேயும் நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி வரை அது உப்பைத் தடுத்து நிறுத்தும். மோட்டாரை ஓட்டி மேல்மட்டத்தைச் சிறிது இறக்கினாலும் அடியிலுள்ள உப்பு பலமடங்கு மேலேறப் பார்க்கும். கடல்நீரில் ஒரு லிட்டருக்குச் சுமார் 35,000 மில்லிகிராம் உப்பு இருக்கிறது. நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே 700 மில்லிகிராம் கூடிவிடும். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் விரும்பும் அளவோ 500. வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை.

ஆனால் கடலூர்ப் பகுதியில் மேல்மணலுக்குக் கீழே களிமண் அடுக்குகளும், அவற்றுக்கும் கீழே நல்ல தண்ணீர் தரும் மணற்கல் அடுக்கும் இருக்கின்றன. எதிர்வீட்டாருக்கு அந்த அடுக்கு கிடைத்திருக்கலாம். ஆகவே ஆழம் போவதே தவறு என்று நான் சொல்லமாட்டேன். அரைகுறையாகப் போடுவதுதான் தவறு. மேலிருக்கும் உப்புப் பகுதியை, துளையின் சுவரை ஒட்டி இறக்கும் கேசிங் குழாயால் மறைத்து, குழாயைச் சுற்றியுள்ள இடைவெளியைக் களிமண்ணாலோ சிமெண்டாலோ அடைக்காவிட்டால் உப்பு அந்த வழியாகவே கீழே இறங்கும். உங்கள் போர் மட்டுமல்ல, எதிர்வீட்டாருடையதும் கெடும்.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்குங்கள், விலை குறைவுதான். மோட்டார் போட்டு ஐந்து நிமிடத்தில் ஒரு முறை, அரை மணியில் ஒரு முறை, இரண்டு மணி நேரத்தில் ஒரு முறை பாருங்கள். ஓட ஓட எண் ஏறினால் உப்பு அடியிலிருந்து மேலேறுகிறது என்று சந்தேகிக்கலாம். அப்போது மோட்டாரைச் சற்று மேலே தூக்கி வைத்து, ஒரே மூச்சில் தொட்டியை நிரப்பாமல் இடைவெளி விட்டு ஓட்டினாலே பெரும்பாலும் குறையும். தொடக்கத்திலிருந்தே ஒரே எண் நின்றால் அந்த அடுக்கே உப்பாகிவிட்டது எனலாம்.

தெருவில் கோலம் போடும்போதும் குழாயடியிலும் பேசிக்கொள்கிறார்களே, யார் வீட்டில் எந்த மாதம் முதலில் கரித்தது என்று? அதை ஒரு நோட்டில் எழுதுங்கள். வீடு, போரின் ஆழம், டி.டி.எஸ்., தேதி, அவ்வளவு போதும். கெடிலம் கழிமுகப் பக்கத்து வீடுகளில் முதலில் கரித்து, பிறகு உங்கள் பக்கம் நகர்ந்திருந்தால் உப்பு பக்கவாட்டில் வருகிறது. அங்குமிங்குமாகச் சில வீடுகளில் மட்டும் என்றால் கழிவுநீர்த் தொட்டிக் கசிவையும் சந்தேகிக்க வேண்டும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் குளோரைடோடு நைட்ரேட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டினால் கைக்குழந்தைக்குப் பால்மாவு கலக்க அந்தத் தண்ணீர் கூடவே கூடாது. கொதிக்க வைத்தாலும் நைட்ரேட்டோ உப்போ போகாது.

மழைநீர் சேகரிப்பு 2003லேயே கட்டாயமானது. பல வீடுகளில் அந்தக் குழி தூர்ந்து, மேலே துளசி மாடம் வந்துவிட்டது. 1,000 சதுர அடி மாடியில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் 9,000 லிட்டருக்கு மேல் கிடைக்கும். ஐப்பசிக்கு முன் கூழாங்கல்லையும் மணலையும் அள்ளிக் கழுவிப் போடுங்கள். ஒரு வீடு மட்டும் செய்தால் பலன் தெரியாது, தெருவே செய்ய வேண்டும். ஆர்.ஓ. கருவி கழிக்கும் உப்புத் தண்ணீரை மட்டும் அந்தக் குழியில் விடாதீர்கள்.

இவ்வளவுக்கும் பிறகு ஆழம்தான் வழி என்று முடிவானால், எந்த அடியில் என்ன மண் வந்தது என்பதைப் போர் போடுபவரிடம் எழுதி வாங்குங்கள். கேசிங் எந்த அடி வரை, வெளிப்புறம் எதனால் அடைத்தார் என்பதும் அதில் இருக்க வேண்டும். பழைய 60 அடிப் போரைக் கைவிடுவதாக இருந்தால் அடியிலிருந்து களிமண் போட்டு நிரப்பி, வாயைச் சிமெண்டால் மூடிய பிறகே வேலைக்கான கடைசிப் பணத்தைக் கொடுங்கள்.